சேம்பருக்குள் கிடந்த மஞ்சள் மூடி

“ரோட்டுல சல்லி கெடக்குதா கண்ணு?” என்று அப்பா கேட்டார்.

பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹூஸ்டனுக்குத் தெற்கே, வழவழவென்று கான்கிரீட் போட்ட சாலை, சல்லியெல்லாம் ஒன்றும் இல்லை. மணிக்கு 45 மைல் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தினால் என் பிக்கப் இரண்டு மூன்று நொடி உதறும், அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். அது எனக்குப் பல மாதமாகவே தெரியும். தெரியாத மாதிரி பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா சங்ககிரியில் 31 வருடம் லாரி ஓட்டியவர், வண்டியின் சேதி அவருக்குக் காது வழியாக வராது, முதுகு வழியாக வரும். அவரிடம் மறைக்க முடியவில்லை.

வண்டி 2002 மாடல் ஃபோர்டு எஃப்-150. 4.6 லிட்டர் வி8 எஞ்சின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், கியர் லீவர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கினேன். தோட்டத்துக்கு எரு, கடையிலிருந்து பலகை, பொங்கல் சமயத்தில் யாருக்காவது பெரிய பாத்திரம், இப்படி ஏற்றி இறக்கத்தான். விற்றவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். “டிரான்ஸ்மிஷன் ஆயில் ஒரு லட்சம் மைலில் மாற்றியாயிற்று, கவலையே வேண்டாம்” என்று சொன்னார். பில் இருக்கிறதா என்று கேட்டேன், எங்கேயோ இருக்கும் என்றார். நான் வாங்கும்போது மீட்டரில் 1,38,000 மைல்.

உதறலுக்குக் காரணம் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. உதறும் நேரத்தில் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டேன், வண்டி வேகம் குறையாத அளவுக்கு, பிரேக் விளக்கு மட்டும் எரிகிற அளவுக்கு. உதறல் நின்றது. காலை எடுத்தால் மறுபடி வந்தது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு கிளட்ச் இருக்கிறது. வேகம் பிடித்த பிறகு அது பூட்டிக்கொண்டு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராக இணைக்கும். பிரேக்கைத் தொட்டால் கம்ப்யூட்டர் அதை விடுவித்துவிடும். ஆகவே உதறுவது அந்தக் கிளட்ச்தான். சரியாகப் பிடிக்கவும் முடியாமல் முழுதாக வழுக்கவும் முடியாமல் பிடித்துப் பிடித்து விடுகிறது. இந்த நோய்க்கு முதல் சந்தேகம் எப்போதும் கியர்பாக்ஸின் பழைய எண்ணெய் மேல்தான்.

காலையில் ரிவர்ஸ் போட்டால் வண்டி மூன்று நொடி யோசித்துவிட்டுத்தான் நகரும். அதையும் வயசாகிவிட்டது என்று விட்டிருந்தேன்.

அப்பாவுக்கு ஆட்டோமேட்டிக் என்றாலே இளக்காரம். “கிளட்ச் மிதிக்காத வண்டியெல்லாம் ஒரு வண்டியா, ராட்டினம்” என்பார். அவர் ஓட்டிய லேலண்ட் காமெட்டின் கியர்பாக்ஸில் 90 நம்பர் ஆயில், கெட்டியாகக் கறுப்பாக, அழுகின முட்டை வாசனை அடிக்கும். அதன் வேலை ஒன்றே ஒன்று, பல்லுக்குப் பல் தேயாமல் பார்த்துக்கொள்வது. இதில் அப்படி இல்லை. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பல வேளையில் எண்ணெயைத் தவிர வேறொன்றும் கிடையாது. கன்வெர்ட்டருக்குள் ஒரு விசிறி எண்ணெயை வீசுகிறது, எதிர் விசிறி அதை வாங்கிச் சுழல்கிறது. அதே எண்ணெய்தான் பம்ப் அழுத்தத்தில் போய்க் கிளட்சுகளை அழுத்திப் பிடிக்கிறது, சூட்டை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய் ஆறி வருகிறது, பேரிங்குக்கு மசகும் அதுதான்.

இதில் ஒரு முரண் இருக்கிறது, எனக்குப் பிடித்த விஷயம். வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். பல்லுக்கும் பேரிங்குக்கும் நடுவில் வழுக்க வேண்டிய அதே திரவம், கிளட்சுத் தகடுகளுக்கு நடுவில் இருக்கும்போது அவை ஒன்றையொன்று பற்ற விட வேண்டும், அதுவும் வெடுக்கென்று இல்லாமல் இதமாக. இதற்காக உராய்வைப் பக்குவப்படுத்தும் மருந்து ஒன்றைக் கலக்கிறார்கள். 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் அந்த மருந்து திமிங்கலத்தின் எண்ணெய். விந்துத் திமிங்கலத்திலிருந்து எடுத்தது அமெரிக்கக் கார்களின் கியர்பாக்ஸுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் திமிங்கலம் அழியும் உயிரினப் பட்டியலில் சேர்ந்த பிறகு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அப்பாவிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை. “திமிங்கலத்த வச்சு வண்டி ஓட்டுனானுங்களா?” என்று கேட்டுவிட்டு அரைமணி நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்.

அந்த மருந்துதான் காலப்போக்கில் சூட்டில் செத்துப்போவது. எண்ணெய் தீர்ந்துபோகாது, அளவு அப்படியே இருக்கும், டிப்ஸ்டிக்கில் பார்த்தால் நிறைந்துதான் தெரியும். ஆனால் பதம் போயிருக்கும்.

என் வண்டியில் இருக்கும் கியர்பாக்ஸின் பெயர் 4ஆர்70டபிள்யூ. பார்க்க ஏதோ லாட்டரிச் சீட்டு எண் மாதிரி இருந்தாலும் அர்த்தம் எளிது. 4 என்றால் நான்கு கியர், ஆர் என்றால் பின்சக்கரத்துக்கானது, 70 என்பது தாங்கும் முறுக்கு விசையைப் பத்தால் வகுத்தது, டபிள்யூ என்றால் கியர்களுக்கு நடுவே இடைவெளி அகலமானது. முதல் கியரில் எஞ்சின் 2.84 சுற்றுச் சுற்றினால் கியர்பாக்ஸை விட்டு வெளியே போகும் தண்டு ஒரு சுற்று, கடைசி கியரில் அதற்கு 0.70 சுற்றே போதும். போலீஸ்காரர்களும் டாக்சிக்காரர்களும் ஓட்டித் தீர்த்த கிரவுன் விக்டோரியா கார்களிலும் இதுதான். ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் இது இலேசில் சாகாது என்று எல்லாருமே சொல்வார்கள். அந்த ‘ஒழுங்காக’தான் பிரச்சினை.

இரண்டு கடையில் விசாரித்தேன். ஒருவர், இந்த வயதுக்கு மேல் எண்ணெயைத் தொடவே தொடாதீர்கள், புது எண்ணெய் ஊற்றினால் கியர்பாக்ஸ் படுத்துவிடும் என்றார். இன்னொருவர் மிஷினை மாட்டிப் பழையதை உறிஞ்சிப் புதியதைத் தள்ளிவிடலாம், ஒரு மணி நேர வேலை என்றார். ஃபில்டர் மாற்றுவீர்களா என்றேன். அதற்குத் தேவையில்லை என்றார். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. முதலாமவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்து, கியர் விழாமல் வழுக்கிக்கொண்டிருக்கும் வண்டிக்குப் புது எண்ணெய் உயிர் கொடுக்காது, மாற்றின மறுவாரம் அது நின்றால் பழி எண்ணெய் மேல் விழும். ஆனால் என் வண்டியில் கியர் எல்லாம் ஒழுங்காகத்தான் விழுந்தது. டிப்ஸ்டிக்கை வெள்ளைக் காகிதத்தில் துடைத்துப் பார்த்தேன். நன்னாரி சர்பத் நிறத்தில் இருக்க வேண்டியது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. தீய்ந்த வாசனை கொஞ்சம், மோசமாக இல்லை. இறங்கிவிடலாம் என்று தோன்றியது.

சாமான் வாங்கினேன். மெர்கான் ஃபைவ் எண்ணெய் 14 குவார்ட். இந்தக் கியர்பாக்ஸுக்கு மொத்தக் கொள்ளளவு 13.9 குவார்ட், ஒரு குவார்ட் என்பது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஃபில்டர், அதன் ரப்பர் வளையம், பேக்கிங், மூன்றும் ஒரே பெட்டியில். நீளமான மெல்லிய புனல் ஒன்று, ஏனென்றால் எண்ணெய் ஊற்றுவது டிப்ஸ்டிக் குழாய் வழியாகத்தான். எண்ணெய் விஷயத்தில் மட்டும் ‘எல்லா வண்டிக்கும் ஏற்றது’ என்று எழுதியிருப்பதை நான் வாங்குவதில்லை. கையேட்டில் என்ன பெயர் போட்டிருக்கிறதோ அதுதான்.

செப்டம்பர் சனிக்கிழமை காலை. எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் வீட்டு வாசலில் வண்டி பழுது பார்க்கக்கூடாது என்று விதி. போன வருடம் பிரேக் மாற்றியதற்கே ஒரு கடிதம் வந்தது. அதனால் கராஜுக்குள் ஏற்றி, கதவைப் பாதி இறக்கி, திருட்டுச் சாராயம் காய்ச்சுகிற மாதிரிதான் எங்கள் வேலை ஆரம்பித்தது. ஹூஸ்டன் செப்டம்பர் என்றால் சித்திரை மாத வேலூரை ஈரத் துணியில் சுற்றியது போல இருக்கும்.

முன் சக்கரம் இரண்டையும் ரேம்ப் மேல் ஏற்றினேன். ஹேண்ட் பிரேக். பின் சக்கரத்துக்குக் கட்டை. நான் ஒரு பக்கம் வைத்த கட்டையைப் பார்த்துவிட்டு அப்பா ஒன்றும் பேசாமல் தோட்டத்திலிருந்து இரண்டு செங்கல் கொண்டுவந்து மறு பக்கமும் வைத்தார். பத்து நிமிடம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கி, ஒரு மணி நேரம் ஆறவிட்டிருந்தேன். வெதுவெதுப்பாக இருந்தால்தான் கசடோடு இறங்கும். கொதிக்கக் கொதிக்கப் போனால் கை வெந்துவிடும், பக்கத்தில் போகிற சைலன்சர் குழாய் வேறு.

அடியில் படுத்தேன். கியர்பாக்ஸின் அடித்தட்டை நான் ‘பேன்’ என்று சொன்னேன். “பேன்னா தலையில இருக்கறதுடா. இது சேம்பர்” என்றார் அப்பா. அதுமுதல் சேம்பர்தான். அதில் 14 போல்ட், 10 எம்எம் பானா. வடிகால் திருகு கிடையாது, அதுதான் கொடுமை. மொத்தத் தட்டையும் இறக்கினால்தான் எண்ணெய் வரும். வண்டி பின்னால் சாய்ந்து நிற்பதால் பின்பக்க போல்ட்டுகளை முழுக்கக் கழற்றி, பக்கத்து போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்பக்கம் இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ள விட்டால், தட்டு பின்னால் வாய் திறந்து எண்ணெய் ஒழுங்காகப் பாத்திரத்துக்குள் ஊற்றும். படிக்கும்போது அப்படித்தான் இருந்தது. நடந்தது வேறு. தட்டு பேக்கிங்கோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை, நான் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன், அது ஒரு மூலையில் மட்டும் பட்டென்று விட்டு, பாத்திரம் இல்லாத பக்கமாக எண்ணெயைக் கொட்டியது. சட்டைக் கைக்குள் போய் அக்குள் வரைக்கும் ஓடியது. வெதுவெதுப்பு, நல்லவேளை. அப்பா சிரிக்கவில்லை. “மரத்தூள் இருக்குதா?” என்று மட்டும் கேட்டார். மரத்தூள் இல்லை, பூனைக்குப் போடும் மண் இருந்தது, அதைக் கொட்டினோம்.

தட்டை இறக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. கறுப்பு எண்ணெயின் அடியில், மஞ்சளாக, கட்டை விரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கியர்பாக்ஸுக்குள்ளிருந்து ஏதோ உடைந்து விழுந்திருக்கிறது, அவ்வளவுதான், வண்டி முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டேன். அப்பா அதை எடுத்துத் துணியில் துடைத்து வெயிலில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது ஒடைஞ்சது இல்ல கண்ணு. விளிம்பு பூராம் நல்லா இருக்குது பாரு. இது மூடி. எதையோ அடைச்சு வச்ச மூடி” என்றார்.

தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. கியர்பாக்ஸ் ஒரு தொழிற்சாலையில் செய்யப்பட்டு, வண்டி பூட்டும் தொழிற்சாலைக்குப் போகும் வரை டிப்ஸ்டிக் குழாய்க்கான ஓட்டையில் தூசி போகாமல் இந்த மூடியை வைத்து அடைத்திருப்பார்கள். வண்டி பூட்டும்போது குழாயை ஓட்டைக்குள் அழுத்துவார்கள், மூடி உள்ளே விழுந்து சேம்பரின் அடியில் போய்ச் சேரும். யாரும் எடுப்பதில்லை. ஓட்டத்துக்கு அது தடையும் இல்லை. முதன்முதலாகச் சேம்பரை இறக்குகிறவன் கையில் அது கிடைக்கும்.

அதாவது 2002இல் இந்த வண்டி பிறந்ததிலிருந்து சேம்பரை ஒருவரும் இறக்கவில்லை.

விற்றவர் மேல் முதலில் கோபம்தான் வந்தது. கொஞ்சம் யோசித்தால் அவர் பொய் சொன்னார் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. யாராவது மிஷின் மாட்டி எண்ணெயை மாற்றிக் கொடுத்திருக்கலாம், அது குளிரூட்டும் குழாய் வழியாக நடக்கும் வேலை, சேம்பரை இறக்கவே வேண்டாம். அவர் கையில் பில் வந்திருக்கும், மாற்றியாயிற்று என்று நம்பியிருப்பார். எண்ணெயின் நிறத்தைப் பார்த்தால் எனக்கு அந்த நம்பிக்கை குறைவு, ஆனால் மூடி சொல்வது சேம்பர் திறக்கப்படவில்லை என்பதை மட்டும்தான், எண்ணெய் மாறவில்லை என்று அது சொல்லவில்லை. ஃபில்டர் மட்டும் சந்தேகமில்லாமல் தொழிற்சாலையில் வைத்தது.

சேம்பருக்குள் வளையமாக ஒரு காந்தம் இருக்கும். அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படிவம், திருநீற்றை எண்ணெயில் குழைத்த மாதிரி. அப்பா அதில் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார், கண்ணை மூடிக்கொண்டு. லாரியின் கியர்பாக்ஸ் வடிகால் திருகைக் கழற்றினால் அதன் முனையில் படிந்திருப்பதை இப்படித்தான் பார்ப்பார்களாம். “நெறுநெறுன்னு இல்ல. மாவு மாதிரி இருக்குது. ஓடும்” என்றார். மாவாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாக, ஊசியாகப் பளபளத்தால் உள்ளே பெரிய இரும்பு எதுவோ கரைகிறது என்று அர்த்தம். நான் டார்ச் அடித்து, தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பளபளப்பு இல்லை. கறுப்பாகக் கொஞ்சம் கசடு, அது கிளட்சுத் தகட்டின் தேய்மானம், 20 வருடத்துக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அடுத்து ஃபில்டர். இந்தக் கியர்பாக்ஸில் அதைப் போல்ட் போட்டுப் பிடிப்பதில்லை. கழுத்து மேலே ஒரு ஓட்டைக்குள் ரப்பர் வளையத்தோடு செருகியிருக்கும், கீழே சேம்பர் தாங்கிக்கொள்ளும். பிடித்துக் கீழே இழுத்தால் வந்துவிட்டது. கூடவே இன்னொரு தம்ளர் எண்ணெய் முகத்தில். புது ஃபில்டரில் புது வளையத்தை மாட்டி, எண்ணெய் தடவி, மேலே அழுத்தப் போனேன்.

“சித்த நில்லு. பழசுல அந்த ரப்பர் எங்க?”

பழைய ஃபில்டரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து மொட்டையாக இருந்தது. வளையம் மேலேயே ஓட்டைக்குள் தங்கிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் கறுப்புக்குள் கறுப்பு, தெரியவே இல்லை, விரலை விட்டால்தான் தட்டுப்பட்டது. அதன்மேலேயே புதியதைச் செருகியிருந்தால் சரியாக உட்காராது, பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும், அழுத்தம் வராது, கிளட்ச் எல்லாம் எரியும். நல்லது செய்யப் போய் வண்டியை நானே கொன்றிருப்பேன். மரக் குச்சி ஒன்றைச் சீவி, சுற்றிலும் கீறல் விழாமல் நெம்பி எடுக்க 20 நிமிடம் ஆனது. திருப்புளியை விட்டுக் குத்தினால் அலுமினியத்தில் கீறல் விழும், பிறகு அந்த வழியாகவே காற்று போகும்.

இந்த ஒரு வேலைக்காகவே சொல்கிறேன், தனியாகச் செய்யாதீர்கள். கார் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை, கழற்றினதை எண்ணிப் பார்க்கிற ஓர் ஆள் வெளியே உட்கார்ந்திருக்கட்டும்.

சேம்பரை இறக்கினால் வருவது ஐந்து குவார்ட் சொச்சம்தான், பாதிக்கும் குறைவு. மீதி கன்வெர்ட்டருக்குள் இருக்கும். பல வண்டிகளில் அதை வடிக்க வழியே இல்லை, இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றி நீர்க்கச் செய்வதுதான். என் வண்டியின் கன்வெர்ட்டரில் திருகு இருக்கிறது. கியர்பாக்ஸின் முன்பக்கக் கூட்டின் அடியில் ஒரு ரப்பர் மூடி, அதை எடுத்தால் ஒரு ஜன்னல். எஞ்சினைக் கையால் சுற்றினால் எப்போதாவது அந்தத் திருகு ஜன்னலுக்கு நேரே வரும். சுற்றுவது அப்பா, முன்னால் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் நீளக் கைப்பிடி மாட்டி, எப்போதும் ஒரே பக்கமாக. பார்ப்பது நான்.

“வந்திருச்சா?”

“இல்லப்பா, இன்னும் சுத்துங்க.”

“இப்ப?”

“வந்துச்சு வந்துச்சு, நிறுத்துங்க! போயிருச்சுப்பா.”

இப்படி மூன்று முறை தாண்டிப் போனது. நான்காவது முறை அவர் என்னைக் கேட்காமலே, சத்தத்தை வைத்தோ எதை வைத்தோ, சரியான இடத்தில் நிறுத்தினார். திருகைக் கழற்றினால் மெல்லிய தாரையாக வடிந்துகொண்டே இருந்தது. அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். தயிர் சாதம், எண்ணெய்க் கத்தரிக்காய். கையிலிருந்த வாசனை போகவில்லை, எதைச் சாப்பிட்டாலும் மெர்கான் ஃபைவ்.

திரும்பி வந்து முதல் வேலை, கன்வெர்ட்டர் திருகை மறுபடி போட்டு முறுக்கினது. மறந்தால் ஊற்றுவதெல்லாம் தரைக்குத்தான். அப்புறம் அளந்தோம். இது முக்கியம். வடிந்த பழைய எண்ணெயைக் காலியான ஒரு கேலன் பால் கேன்களில் ஊற்றினோம். ஒரு கேலன் நான்கு குவார்ட். மூன்று கேன் நிறைந்து, நான்காவதில் ஒரு தம்ளர். பூனை மண் குடித்தது அரை குவார்ட் என்று வைத்துக்கொண்டோம். ஆக, 12 முதல் 13 குவார்ட் வரை திரும்பப் போக வேண்டும். கையேட்டு எண்ணை நம்பி ஊற்றுவதைவிட, வெளியே வந்ததை அளந்து உள்ளே விடுவது நிம்மதி.

சேம்பரைத் துடைத்து, காந்தத்தை வைத்து, பேக்கிங் போட்டு மாட்டினோம். பேக்கிங்குக்கு மேல் பசை எதுவும் தடவவில்லை, தேவையில்லை, பிதுங்கி உள்ளே போனால் வால்வை அடைக்கும். 14 போல்ட்டையும் விரலால் ஏற்றிவிட்டு, குறுக்கு மறுக்காக, சுமார் 10 அடி-பவுண்டு விசைக்கு முறுக்கினேன். அது ரொம்பக் கொஞ்சம். டார்க் ரெஞ்சு ‘டிக்’ என்றதும் நான் நிறுத்துவதைப் பார்த்து அப்பாவுக்குத் தாங்கவில்லை. “இதென்ன, சும்மா தொட்டுட்டு விடற? கைப்பதம்னு ஒண்ணு இருக்குது” என்று பானாவை வாங்கப் பார்த்தார். கொடுக்கவில்லை. அவருடைய கைப்பதம் லேலண்டின் வார்ப்பிரும்புக்குப் பழகினது. இது அலுமினியம், ஒரு முறுக்குக் கூடினால் மரை உரிந்து வந்துவிடும். ரப்பர் வளையத்தில் அவர் ஜெயித்தார், இதில் நான்.

ரேம்ப்பிலிருந்து கையால் தள்ளி இறக்கினோம். கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடக்கூடாது என்பதால் கதவை முழுக்கத் திறந்து வண்டியை வெளியே கொண்டுவந்தாயிற்று. சங்கத்துக்காரர் பார்த்தால் எண்ணெய் அளவு பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மையும் அதுதான். முதலில் எட்டு குவார்ட். எஞ்சினை ஓடவிட்டு, கன்வெர்ட்டர் குடிக்கக் குடிக்க மேலும் மூன்று. பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நொடி வைத்து, மறுபடி பார்க். ஒரு குவார்ட். அப்புறம் 15 மைல் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிலிருந்தபடி டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் நிறைந்தும் மறு பக்கம் குறைந்தும் காட்டியது. ஊற்றின குழாயும் டிப்ஸ்டிக் குழாயும் ஒன்றே என்பதால் சுவரில் ஒட்டின எண்ணெய் பொய் சொல்லும். குறைவாகக் காட்டும் பக்கத்தைத்தான் நம்ப வேண்டும். மேலும் கால் குவார்ட் விட்டேன், கோடுகள் போட்ட பகுதிக்குள் வந்துவிட்டது. கூட ஊற்றினாலும் கெடுதிதான், சுழலும் பாகங்கள் அடித்து நுரைத்துவிடும், நுரையைப் பம்ப் செய்ய முடியாது.

ரிவர்ஸ் இப்போது ஒரு நொடிக்குள் விழுகிறது. உதறல் முழுக்கப் போகவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். முன்பு நாள் முழுக்க இருந்தது, இப்போது காலையில் முதல் இரண்டு மைலுக்கு ஒரு முறை, அதுவும் தேடினால்தான் தெரிகிறது. கிளட்சின் முகத்தில் 20 வருடமாகப் படிந்த வார்னிஷ் ஒரே குளியலில் போகாது என்று நினைக்கிறேன். அடுத்த 5,000 மைலில் மறுபடி சேம்பரை மட்டும் இறக்கி ஐந்து குவார்ட் மாற்றுவதாக இருக்கிறேன். இதற்காகவே வடிகால் திருகு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், சேம்பரில் ஓட்டை போட்டு மாட்ட வேண்டும். இப்போது வருகிற புது எஃப்-150களில் கியர் பத்து, பானட்டைத் திறந்தால் கியர்பாக்ஸுக்கு என்று டிப்ஸ்டிக்கே கிடையாது. அதை வீட்டில் செய்கிற தைரியம் எனக்கு வருமா என்பது அந்த வண்டி வாங்குகிற காசு வந்த பிறகு யோசிக்க வேண்டியது.

பழைய எண்ணெயை மறுநாள் உதிரி பாகக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம், காசு வாங்காமல் எடுத்துக்கொள்வார்கள். பால் கேனில் கறுப்பாக இருந்ததைப் பார்த்துக் கவுண்டரில் இருந்த பையன், எத்தனை மைல் ஓடினது என்றான். அப்பாவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. பாக்கெட்டிலிருந்து மஞ்சள் மூடியை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தார். பையன் பார்த்துவிட்டுச் சிரித்தான், அவனுக்கும் அது என்னவென்று தெரிந்திருந்தது.

அக்டோபரில் அப்பா ஊருக்குப் போய்விட்டார். மூடியைத் தேடினேன், காணவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, அவருக்குப் பின்னால், டிவி மேல், சுவாமி படத்துக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. நான் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார், “சல்லி இன்னும் கெடக்குதா கண்ணு?”